மோப்பத் தடத் தொடக்கப் பொதி: திருமலையில் பாவித்துப் பார்த்த பிறகு

நேரே விசயத்துக்கு வருகிறேன். வீட்டு நாய்களுக்கு மோப்பத் தடம், அதாவது ஒரு ஆள் போன வழியை மணத்தால் பின்தொடர்வது, பழக்குவதற்கான தொடக்கப் பொதி ஒன்றை, இணையத்தில் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். உள்ளே நான்கு சாமான். ஒரு ஹார்னஸ், பத்து மீற்றர் நைலோன் நாடா, இடுப்பில் கட்டும் தீனிப் பை, ஆளின் மணம் ஏறிய துணியைப் போட்டு வைக்கிற, இழுத்து மூடும் சிப் வைத்த பிளாஸ்டிக் பைகள். ஹார்னஸ் நல்லது, ஒரு சின்னத் திருத்தம் செய்தால். நாடா வேண்டவே வேண்டாம். தீனிப் பை பரவாயில்லை. சிப் பைகளுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை, சந்திக் கடையிலேயே கிடைக்கும். ஆகவே பொதியாக வாங்காதீர்கள். ஹார்னஸை மட்டும் தனியாக எடுத்துவிட்டு, கயிற்றை நம்முடைய மீன்பிடிச் சாமான் கடையில் வாங்குங்கள்.

நான் திருகோணமலையில், உவர்மலையில் தையல் வேலை செய்பவள். சட்டை, பள்ளிக்கூட யூனிபோம் எல்லாம் தைப்பேன். அதோடு கடற்கரைப் பக்கத்து விடுதிகளுக்குக் குடைத்துணி, மெத்தை உறை தைத்துக் கொடுப்பதும் உண்டு. கன்வஸ், நாடா, நைலோன் நூல் எல்லாம் தினமும் கையில் புழங்குகிறவை. அதனால் எந்தப் பட்டியை வாங்கினாலும் நிறத்தைப் பார்க்கும் முன் திருப்பித் தையலைத்தான் பார்ப்பேன். இந்த விமர்சனத்திலும் தையல் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும்.

எங்கள் சூட்டி தெருவில் இருந்து வந்த பெண் நாய். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும், நடுத்தர உடம்பு. புத்தி அதிகம். நான் மெஷினில் இருக்கிற நேரமெல்லாம் வாழைக்குக் கீழே தோண்டுவாள், கேற்றடியில் போகிற ஓட்டோ எல்லாவற்றையும் குரைத்து அனுப்புவாள். நடை கூட்டிப் போனால் அடங்குவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலை எட்டு மணிக்கே தார் றோட்டில் புறங்கையை வைக்க முடியாது, பிறகு நாயை எங்கே நடத்துவது? கால் நடக்க முடியாத இடத்தில் மூக்காவது வேலை செய்யட்டும் என்றுதான் இதற்குள் வந்தேன். ஒரு கால் மணி நேரம் மூக்கால் வேலை செய்த நாய் ஒரு மணி நேரம் நடந்த நாயைவிட நன்றாகப் படுத்துத் தூங்குவதை இப்போது வீட்டிலேயே பார்க்கிறேன்.

மோப்பத் தடம் என்பது ஒளித்து வைத்த சாப்பாட்டைத் தேடுகிற விளையாட்டு இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆளின் மணத்தை ஒரு துணியில் நாய்க்குக் காட்டுகிறோம். அந்த ஆள் போன வழியே நாய் போய், அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் உடம்பில் இருந்து தோலின் மிகச் சிறு துகள்கள் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அவை காற்றில் மிதந்து போய் நிலத்தில், புல்லில், மதில் ஓரத்தில் படியும். நாய் பின்தொடர்வது அதைத்தான். நாய் மோப்பம் பிடிக்கும்போது ஒரு செக்கனுக்கு ஐந்து தடவை அளவில் காற்றை இழுக்கிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கத்தில் உள்ள கீறல் வழியாகப் போய்விடுவதால், முன்னால் இருக்கிற மணம் கலையாமல் கிடக்கிறது. 2005இல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்து ஹெப்பர், வெல்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஒரு ஆள் எந்தத் திசையில் நடந்திருக்கிறார் என்று கண்டுகொள்ள நாய்க்கு எத்தனை காலடி வேண்டும் என்று சோதித்தார்கள். ஐந்து காலடி போதுமாக இருந்தது. சூட்டி ஒரு முச்சந்தியில் இரண்டு எட்டு தவறாகப் போய்விட்டுத் தானாகவே திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து காலடிதான் நினைவுக்கு வரும்.

சரி, இனிச் சாமானுக்கு வருவோம்.

ஹார்னஸ் முன்னால் ஆங்கில வை எழுத்து வடிவம். மார்பெலும்பின் மேல் படிகிறது, தோள் மூட்டு அசைய இடம் விடுகிறது. இது முக்கியம். கடைகளில் மலிவாகத் தொங்கும் ஹார்னஸ்களில் பாதிக்கு மேல் தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டி ஓடும். மூக்கை நிலத்தில் வைத்து முன்னால் இழுக்கிற நாய்க்கு அது ஒவ்வொரு எட்டிலும் தடை. கழுத்துப்பட்டியில் கயிற்றைக் கட்டுவது அதைவிட மோசம், தொண்டை அமுங்கினால் மோப்பம் எங்கே பிடிப்பது? கயிறு கொழுவும் வளையம் முதுகில், தோளுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. இழுவை விழும் இடங்களில் எல்லாம் பெட்டித் தையலும் அதற்குள் குறுக்குத் தையலும் போட்டிருக்கிறார்கள். நூல் பட்டிக்குள் அமிழ்ந்து கிடக்கிறது, மேலே தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. வெட்டு முனைகளை உருக்கி அடைத்திருக்கிறார்கள். முதுகு வளையம் முனைகளை உருக்கி ஒட்டிய வளையம். வளைத்து மட்டும் விட்டிருந்தால் இடைவெளி தெரியும், நாளடைவில் திறந்தும் விடும். தைத்த கை தெரிந்த கை, அதை மனமாரச் சொல்கிறேன்.

குறை கக்கத்தில் இருக்கிறது. வயிற்றைச் சுற்றி வரும் பட்டியின் விளிம்பு கூராக இருக்கிறது. புல்லில் ஒன்றும் தெரியாது. நம்முடைய மணலும் உப்பும் ஏறினால் அந்த விளிம்பு அரம் மாதிரித் தேய்க்கும். சூட்டிக்கு முன்னங்காலுக்குப் பின்னால் மயிர் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. நான் பழைய ரீசேட் துணியை இரண்டாக மடித்து, அந்தப் பட்டியைச் சுற்றி உறை மாதிரித் தைத்து, கழற்றிக் கழுவ வெல்குரோவும் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சிவப்பு இல்லை. தையல் தெரியாதவர்கள் எந்தத் தையற்காரரிடமும் கொடுத்தால் பத்து நிமிச வேலை. விற்பவர்களே இதைச் செய்து தந்திருக்க வேண்டும். கடலோரத்தில் இருக்கிற ஆட்களுக்கும்தானே விற்கிறார்கள்.

அடுத்தது நாடா. எனக்கு மனவருத்தம் இதில்தான்.

இந்தப் பழக்கத்தில் நாயோடு நாம் பேசுவது கயிறு வழியாகத்தான். நாய் முன்னால் போகிறது, நாம் பின்னால் ஐந்து, ஏழு, பத்து மீற்றர் தூரத்தில். அதன் முகம் நமக்குத் தெரியாது. மணம் தெளிவாக இருந்தால் இழுவை ஒரே சீராக இருக்கும். மணம் குறைந்தால் கயிறு லேசாகத் தளரும், தலை நிமிரும், வாலின் உயரம் மாறும். தங்கூசியில் மீன் தட்டுவது விரலுக்குத் தெரிவதுபோல இது கைக்குத் தெரியவேண்டும். பொதியில் வந்த நாடா அகலமும் தடிப்பும் கூடியது. முதல் நாளே பாரமாக இருந்தது. பனி ஈரத்தில் இழுபட்டதும் தண்ணீரைக் குடித்து இன்னும் பாரமானது. மணல் இழைகளுக்குள் புகுந்து, கைக்குள் ஓடும்போது உள்ளங்கையைச் சுட்டது. அதன் பாரமே ஒரு இழுவையாக இருப்பதால் சூட்டி தளர்ந்தாளா நாடா தளர்ந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை.

நுனியில் கைபிடிக்க ஒரு வளையம் தைத்திருக்கிறார்கள். நீளக் கயிற்றில் அது கூடாது. நாம் கயிற்றைக் கைவிட நேர்ந்தால், பின்னால் இழுபடும் வளையம் ஈச்சம் பற்றையிலோ வேலிக் கம்பியிலோ மாட்டி நாயைச் சுண்டி நிறுத்தும். நான் அதை வெட்டி எடுத்துவிட்டேன். கொக்கியோ மினுக்கமாக வந்தது. உள்ளே இருக்கும் சின்னச் சுருள்கம்பி உப்புக் காற்றில் கறள் பிடித்து இறுகி, நாக்கு பாதியில் நின்றுவிட்டது. திறந்து நின்ற கொக்கியோடு நாய் றோட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகும்? கடைக்கு எழுதினேன். பாவித்த பொருளை மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தது. பாவிக்காமல் கொக்கி எப்படிக் கறள் பிடிக்கும் என்று திரும்பவும் கேட்டேன், அதற்குப் பதிலே வரவில்லை.

நகரத்துக்குள் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளுக்கு என்ன குறை? அங்கே போய் மூன்று வகைக் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நீலமும் பச்சையுமாக வரும் முறுக்குக் கயிறு மலிவு, ஆனால் கையை அறுக்கும், இழுவை விட்டதும் தன் முறுக்கிலேயே சுருண்டு முடிச்சுப் போடும். நாய்க்கு உதவாது. பின்னல் கயிறு வேறு. எட்டு மில்லிமீற்றர் தடிப்பில், கைக்கு மெதுவானதாகப் பார்த்து வாங்கினேன். முறுக்கிக்கொள்ளாது, பாரமும் இல்லை. கொக்கிக்குக் கடைக்கார ஐயா துருப்பிடிக்காத எஃகில் செய்த, சுழலும் கழுத்துள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இது கடலுக்குள்ளேயே கிடக்கிற சாமான் பிள்ளை, உங்கட நாய்க்கு ஆயுசுக்கும் காணும்" என்றார். கொக்கியைக் கயிற்றில் கோக்கும் முடிச்சையும் அவரே போட்டுக் காட்டினார். முடிச்சின் மேல் நான் நைலோன் நூலால் இறுக்கித் தைத்துவிட்டேன். எல்லாம் சேர்த்தும் அந்தப் பொதியின் விலையில் சின்னப் பங்குதான். ஐந்து மீற்றரில் ஒரு சிவப்பு நூல் சுற்றி வைத்தால், பழகும் காலத்தில் கை எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்காமலே தெரியும். ஆரம்பத்தில் ஐந்து மீற்றருக்கு மேல் விடவேண்டாம்.

கனடாவில் இருந்து வந்த மச்சாள் பயோதேன் கயிறு ஒன்று கொண்டுவந்து தந்தாள். நாடாவுக்கு மேல் பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு பூசிய சாமான், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் செய்கிறார்கள். தண்ணீர் குடிக்காது, சேறும் மணலும் ஒரு துணியால் துடைத்தால் போய்விடும், நாய் மணமும் ஒட்டாது. கையில் அது தரும் உணர்வு பின்னல் கயிற்றைவிட ஒரு படி மேல் என்பதை மறைக்க முடியாது. மழை நாளில் மட்டும் வழுக்குகிறது. யாராவது வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள் என்றால் சொல்லிவிடுங்கள், தடிப்பில் சிறியதாக, கைவளையம் இல்லாததாக. இல்லாவிட்டால் பின்னல் கயிறே தாராளம். சூட்டி முழுக்கப் பழகியதும் அதில்தான்.

தீனிப் பையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. காந்த வாய், ஒரு கையால் திறக்கலாம், உள்ளே கழுவக்கூடிய துணி. உலர் பிஸ்கட் போடுகிறவர்களுக்குச் சரி. நான் கொடுப்பது அவித்த சூடை மீன், முள் எடுத்து மசித்தது. அதை மூடியுள்ள டப்பா ஒன்றில்தான் வைக்க வேண்டும், அந்த டப்பாவும் என்னிடம் இருக்கக்கூடாது, ஒளிந்திருக்கும் ஆளிடம் இருக்க வேண்டும். நாய்க்குச் சந்தோசம் அந்த ஆளைக் கண்டுபிடித்த இடத்தில் கிடைக்கட்டும். பொதியோடு வந்த தாளில் இதைச் சொல்லவே இல்லை.

அந்தத் தாளைப் பற்றியும் சொல்லவேண்டும். குளிர் நாட்டு ஆட்களுக்காக எழுதியது. அகலப் புல்வெளி, ஆளில்லாப் பூங்கா, காருக்குள் இளைப்பாறும் நாய். வெயிலைப் பற்றி ஒரு வரி இல்லை, தெரு நாய்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே எங்கள் பக்கத்தில் தொடங்குகிறவர்களுக்கு நாங்கள் செய்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆள் வேண்டும், நாய்க்குப் பிடித்த ஆள். எங்களுக்கு அடுத்த வீட்டுத் தம்பி. ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிறான், காலையில் பாடமாக்க எழும்புகிற பிள்ளை. அவன் இரவு போட்டுப் படுத்த ரீசேட்டை அவனே தன் கையால் சிப் பைக்குள் போட்டு மூட வேண்டும். நான் தொட்டால் அதில் என் மணமும் ஏறிவிடும், நாய்க்கு யாரைத் தேடுவது என்று குழப்பம். தொடங்கும் இடத்தில் சூட்டிக்கு ஹார்னஸைப் போடுவேன், முன்கூட்டிப் போடமாட்டேன். இந்த வேலைக்கு மட்டும்தான் அந்த ஹார்னஸ். இப்போது அது கையில் வந்தாலே அவளுக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரியும். அப்புறம் தம்பி டப்பாவைக் காட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, அவள் பார்க்கப் பார்க்க ஓடி ஒரு மரத்துக்குப் பின்னால் மறைவான். பதினைந்து, இருபது மீற்றர் தூரம், நேர் கோடு, அவ்வளவுதான். பையைத் திறந்து மணத்தைக் காட்டி, "தேடு" என்று ஒரே ஒரு தரம் சொல்வேன். ஓடிப் போய்க் கண்டுபிடிப்பாள். தம்பி கீழே இருந்து, டப்பாவைத் திறந்து, கொஞ்சிக் கொஞ்சி ஊட்டுவான். அந்தக் கொண்டாட்டத்தைச் சுருக்காதீர்கள்.

இது நன்றாகப் பிடிபட்ட பிறகுதான் அவன் ஒரு மூலை திரும்பி மறைவது. அதற்குப் பிறகு, போகும்போது நாய் பார்க்காமல் இருப்பது. அதற்கும் பிறகு, போய்ப் பத்து நிமிசம் கழித்துத் தொடங்குவது. தூரத்தைக் கூட்டும் நாளில் நேரத்தைக் கூட்டாதீர்கள், இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் நாய் தோற்ற இடத்தில் எதனால் தோற்றது என்று நமக்கு விளங்காது. நாய் வட்டமடித்தால் பேசாமல் நில்லுங்கள். கயிறு தொய்யாமல் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் போதும், அது தன் பாட்டில் கண்டுபிடிக்கும். நமக்கு வழி தெரிந்தால் உடம்பு தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாயும், நாய் மூக்கை விட்டுவிட்டு நம்மைப் படிக்கத் தொடங்கிவிடும். ஆகவே கொஞ்சம் பழகிய பின் எந்தப் பக்கம் போகிறேன் என்று எனக்குச் சொல்லாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

நேரம் என்றால் விடியற்காலை. புல்லில் பனி இருக்கும், நிலம் குளிர்ந்து கிடக்கும், மணம் தங்கும். வெயில் ஏறினால் நிலம் காயும், மணமும் மேலே கிளம்பிக் கலையும், இளைக்கத் தொடங்கிய நாய் வாயால் மூச்சு விடும்போது மூக்கு அரைவாசி வேலைதான் செய்யும். உவர்மலைச் சரிவில் விடியும் முன் குளிர்ந்த காற்று கீழே உள்துறைமுகப் பக்கம் வழியும், மணமும் அதோடு இறங்கும். தம்பி மேல் ஒழுங்கையில் நடந்திருப்பான், சூட்டி ஒரு மதில் தள்ளிக் கீழே ஓடிக்கொண்டிருப்பாள். முதலில் பார்க்கிறவர்களுக்கு நாய் வழி தவறிவிட்டது என்றே தோன்றும். நம்பிப் பின்னால் போங்கள். கான் ஓரம், மதிலடி, வேலிப் பற்றை எல்லாம் மணம் தேங்கும் இடங்கள்.

இடம் என்றால் தொடக்கத்துக்குப் புல் தரைதான். உப்புவெளிப் பக்கத்துப் பனங்காணிகள் அருமை, உரிமையாளரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போங்கள், பாம்பும் உண்ணியும் கவனம். கடற்கரைக் காய்ந்த மணல் பழகாத நாய்க்குக் கடினம். பிரட்ரிக் கோட்டைப் பக்கம் ஆரம்பத்தில் வேண்டாம். அங்கே புள்ளிமான்கள் நடமாடுகின்றன. அவற்றுக்கும் பயம், நாய்க்கும் அந்த மணம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகிற சனமும் இருக்கும். தெரு நாய்கள் எல்லா இடத்திலும்தான். தங்கள் எல்லைக்குள் கயிறோடு ஒரு நாய் வந்தால் கூட்டமாக வருவார்கள். எங்களோடு அம்மா ஒரு தடியும் கொஞ்சம் பாணும் கொண்டு பின்னால் வருவார், பாணைத் தூர எறிந்தால் பெரும்பாலும் போய்விடும். விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாயை இதற்குக் கூட்டிப் போகவே கூடாது.

ஒழுங்கைக்குள் கயிறும் கையுமாக ஓடினால் ஆட்கள் கேட்பார்கள். "என்ன அக்கா, ஏதும் களவு போயிட்டுதோ?" என்று ஒருவர் உண்மையான கவலையோடு சைக்கிளை நிறுத்திக் கேட்டார். மோப்ப நாய் என்றால் பொலிஸ், கண்டி அஸ்கிரியவில் பழக்கி எடுக்கிற பெரிய இன நாய்கள், அவ்வளவுதான் நம் சனத்துக்குத் தெரியும். மோப்பம் எல்லா நாய்க்கும் பொது. நம் தெரு நாய்க்கு வெயில் பழக்கம் வேறு இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய நாய்தான் வேண்டும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். வயது போன நாயும் செய்யலாம், மற்ற நாய்களைக் கண்டு பயப்படும் நாயும் தனியாகச் செய்யலாம்.

2019இல் டுரான்டன், ஹொரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 20 வீட்டு நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மோப்ப விளையாட்டு, மற்றப் பகுதிக்கு வளர்ப்பவரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. இரண்டு வாரத்துக்குப் பிறகு, தீனி இருக்குமோ இல்லையோ என்று நிச்சயமில்லாத இடத்தில் வைத்த கிண்ணத்தை நோக்கி மோப்ப நாய்கள் முன்னைவிட வேகமாகப் போயின. அதாவது நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு கூடியிருந்தது. மற்ற நாய்களில் அந்த மாற்றம் இல்லை. சூட்டி இன்னும் ஓட்டோவுக்குக் குரைப்பாள்தான். ஆனால் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போனவள் இப்போது சீக்கிரம் வெளியே வருகிறாள், புது ஆட்களின் கையை அவளாகவே போய் மணந்து பார்க்கிறாள். வாழையும் குலை தள்ளியிருக்கிறது.

அளவு எடுக்கும்போது முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, இரண்டு விரல் போக இடம் விட்டுக் கணக்கெடுங்கள். சூட்டிக்கு நடு அளவு சரியாக வந்தது. நம்முடைய தெரு நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம், ஆகவே கழுத்து, வயிறு இரண்டு பட்டியும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் பாவித்த பிறகு ஹார்னஸையும் கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள், கொக்கிக்கு மாதத்துக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கக்கப் பட்டிக்கு உறை தைக்க வேண்டுமென்றால் உவர்மலைப் பக்கம் கொண்டுவாருங்கள், நாய்க்காரர்களிடம் அதற்குக் காசு வாங்கமாட்டேன்.